அயலகப் படப்பிடிப்பும் உள்நாட்டுத் தயாரிப்பாளரும்

முன்னுரை

திரையரங்கில் கதை முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் பார்வையாளர்கள் எழுந்து வெளியேறிவிடுவது வழக்கம். இயக்குநர், நடிகர், இசையமைப்பாளர் ஆகியோரின் பெயர்கள் தொடக்கத்திலேயே பெரிய எழுத்தில் வந்துவிடுகின்றன. இறுதியில் ஓடும் பட்டியலிலோ, 'மொராக்கோ குழு', 'ஜோர்தான் குழு', 'துனீசியக் குழு' என்ற தலைப்புகளின் கீழ்ச் சிறிய எழுத்துகளில் நூற்றுக்கணக்கான பெயர்கள் விரைந்து மறைகின்றன. முகம்மது, ஹசன், யூசுப், ஃபாத்திமா என நமக்கு நெருக்கமான பெயர்கள் அவற்றுள் பல. இவர்கள் யார்? ஒரு பன்னாட்டுப் படத்தில் இவர்களின் பங்கு என்ன? இவ்வினாக்களுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

பிறநாட்டுப் படக்குழு ஒன்று ஒரு மண்ணில் கால் வைக்கும்போது, அக்குழுவுக்கும் அம்மண்ணின் மக்களுக்கும் இடையே நிற்பவர் உள்நாட்டுத் தயாரிப்பாளர். சிறிய நாடுகளில் இப்பணிக்கு வருவோர் பலர் ஒளிப்படக் கலைஞராகத் தொழிலைத் தொடங்கியவர்கள். ஆதலின் இரு பணிகளையும் ஒருசேர நோக்குவது பொருந்தும். அரபுலகில், குறிப்பாக மொராக்கோ, துனீசியா, ஜோர்தான் ஆகிய நாடுகளில், இப்பணி வளர்ந்த வரலாற்றை இங்குச் சான்றாகக் கொள்வோம்.

பாலைவனம் படப்பிடிப்புத் தளமானது

டேவிட் லீன் இயக்கி 1962-இல் வெளிவந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' ஒரு திருப்புமுனையாகும். 1961-இல் ஜோர்தானில் இதன் படப்பிடிப்புத் தொடங்கியது; அங்குள்ள வாதி ரம் பாலைவனத்திலும் காட்சிகள் எடுக்கப்பட்டன. மன்னர் ஹுசைனின் ஒத்துழைப்பால் ஜோர்தான் படைவீரர்களும் ஒட்டகங்களும் குதிரைகளும் குழுவினருக்குக் கிடைத்தன. பின்னர் ஸ்பெயினிலும், இறுதியில் மொராக்கோவின் வர்சஸாத் பகுதியிலும் படப்பிடிப்பு நடைபெற்றது.

வர்சஸாத் நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் ஐத் பின் ஹத்தூ என்னும் மண்கோட்டைச் சிற்றூர் உள்ளது. 1987-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 1983-இல் வர்சஸாத்தில் அட்லஸ் ஸ்டுடியோ நிறுவப்பட்டது. அதன்பின் அந்நகரம் திரையில் பல நாடுகளாக வேடம் புனைந்துள்ளது. 'குன்துன்' (1997) படத்தில் அது திபெத்து. 'கிளாடியேட்டர்' (2000) படத்தில் உரோமப் பேரரசின் எல்லைப்புற மாகாணம். 'கிங்டம் ஆஃப் ஹெவன்' (2005) படத்தில் ஜெருசலம். 'கிளாடியேட்டர்' படத்திற்காக ஐத் பின் ஹத்தூவில் எழுந்த போட்டி அரங்கம், அவ்வூர்க் கைவினைஞர் காலங்காலமாகக் கட்டிவரும் பச்சைச் செங்கல் முறையிலேயே கட்டப்பட்டது. உரோமாபுரியின் கதைக்கும் மொராக்கோ கொத்தனாரின் கைகளே தேவைப்பட்டன.

துனீசியாவின் கதையும் இத்தகையதே. 1976-இல் 'ஸ்டார் வார்ஸ்' படக்குழு அங்குச் சென்றது. ததாவின் என்னும் துனீசிய ஊர்ப்பெயரே அப்படத்தில் சிறு மாற்றத்துடன் ஒரு கோளின் பெயராயிற்று. மழையே காணாத பாலைவனம் என்று நம்பிச் சென்ற குழுவினரைத் தொடக்க நாள்களிலேயே பெருமழை வரவேற்று, அரங்க அமைப்புகளைச் சிதைத்தது. வெளிப்புறப் படப்பிடிப்பில் எதிர்பாராதவற்றுக்கும் திட்டமிட வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

ஒளிப்படக் கலைஞரின் முதற்பணி

கதை வசனம் எழுதி முடிந்ததும், அதில் வரும் இடங்களைத் தேடும் பணி தொடங்குகிறது. இயக்குநர் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருப்பார். 'பழைய நகரத்து ஒடுங்கிய தெரு. ஒரு முனையில் கிணறு. மறுமுனையில் மினாரா' என்று கதையில் ஒரு வரி இருக்கும். அவ்வரிக்கேற்ற தெருவைக் கண்டு, படமெடுத்து அனுப்புபவர் உள்ளூர் ஒளிப்படக் கலைஞர்.

இவ்வகைப் படம் அழகுக்காக எடுக்கப்படுவதன்று. அது ஒரு சான்றாவணம். நின்ற இடத்திலிருந்து நாற்புறமும் எடுக்க வேண்டும். வடக்கு எது எனக் குறிக்க வேண்டும். எந்த மணியில் எந்தச் சுவரில் வெயில் விழுகிறது என்பதை எழுத வேண்டும். மின்கம்பம், தொலைபேசிக் கம்பி, புதிய கட்டடம் ஆகியவற்றை மறைக்காமல் காட்ட வேண்டும். லாரி திரும்புவதற்கு இடம் உண்டா, மின்னாக்கியை எங்கு நிறுத்தினால் ஓசை கேளாது, அருகில் மருத்துவமனை உண்டா என்பனவும் குறிப்பில் இடம்பெற வேண்டும். மின்கம்பியை விலக்கி அழகான கோணத்தில் மட்டும் படமெடுத்து அனுப்புபவர், பின்னர் இருநூறு பேருடன் வந்து நிற்கும் குழுவின் முன் தலைகுனிய நேரும்.

'ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' (1981) படத்தில் வரும் கெய்ரோ நகரக் காட்சிகள் துனீசியாவின் கைரவான் நகரில் எடுக்கப்பட்டன. உக்பா பள்ளிவாசலால் புகழ்பெற்ற கைரவானை நம் மாணவர்கள் இசுலாமிய வரலாற்றுப் பாடத்தில் அறிந்திருப்பர். கதை நிகழ்வதோ 1936-ஆம் ஆண்டில். ஆனால் ஊரின் கூரைகளிலெல்லாம் தொலைக்காட்சி ஏரியல்கள். அவற்றுள் நூற்றுக்கணக்கானவற்றை இறக்கிய பின்னரே படமெடுக்க முடிந்தது. ஒரு வீட்டுக் கூரையில் ஏறி ஏரியலை இறக்க வேண்டுமாயின், அவ்வீட்டாரின் மொழியில் பேசி, அவர்தம் இசைவைப் பெற்று, பின்னர் அதனை மீண்டும் பொருத்தித் தரும் பொறுப்பை ஒருவர் ஏற்க வேண்டும். வெளிநாட்டு இயக்குநரால் இது இயலாது. இங்குத்தான் உள்நாட்டுத் தயாரிப்பாளர் தேவைப்படுகிறார்.

படப்பிடிப்பு நடைபெறும் நாள்களில் ஸ்டில் கலைஞரின் பணி வேறு வகையானது. சுவரொட்டிக்கும் பத்திரிகைக்கும் உரிய காட்சிப் படங்களைத் திரைப்படக் கேமராவுக்கு அருகில், ஏறத்தாழ அதே கோணத்தில் நின்று எடுக்க வேண்டும். வசனம் பதிவாகும் வேளையில் அவருடைய கேமராவின் 'கிளிக்' ஒலி கேட்கலாகாது. இதன் பொருட்டுப் பல்லாண்டுகள் கேமராவை ஒலி தடுக்கும் கனத்த பெட்டியினுள் வைத்துப் படமெடுத்து வந்தனர். இன்று ஓசையின்றி இயங்கும் டிஜிட்டல் கேமராக்கள் வந்துவிட்டமையால் அச்சுமை குறைந்துள்ளது. நடிகரின் பார்வை செல்லும் திசையில் நிற்றலாகாது என்பது எழுதப்படாத விதி. எடுத்த படங்களின் உரிமை பொதுவாகத் தயாரிப்பு நிறுவனத்தையே சாரும். முதன்மை நடிகர்கள் தமக்கு உடன்பாடில்லாத படங்களை விலக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே பெற்றிருப்பர். ஆகவே நல்ல படம் எடுப்பதைப் போன்றே, எடுத்ததை வெளியிடாமல் காப்பதும் இவர் கடமையாகும்.

கோட்டுக்குக் கீழே

திரைப்பட வரவு செலவுத் திட்டத்தில் ஒரு கோடு உண்டு. கதை உரிமை, தயாரிப்பாளர், இயக்குநர், முதன்மை நடிகர் ஆகியோருக்கான தொகை அக்கோட்டுக்கு மேலே எழுதப்படும். ஊர்தி, உணவு, தங்குமிடம், தச்சர், தையற்காரர், மின்பணியாளர், துணை நடிகர், கால்நடை ஆகிய எஞ்சிய செலவுகள் யாவும் கோட்டுக்குக் கீழே வரும். அக்கோட்டுக்குக் கீழுள்ளவற்றை நாள்தோறும் நிருவகிப்பவர் ஆதலின் 'லைன் புரொட்யூசர்' என்னும் பெயர் வழங்குகிறது. உள்நாட்டுத் தயாரிப்பாளர் இப்பணியைத் தம் நாட்டளவில் ஏற்பவர்.

அவருடைய கடமைகளைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்.

1. இசைவு பெறுதல்: மொராக்கோவில் 1944-இல் தோன்றிய மொராக்கோ திரைப்பட மையத்தின் அனுமதியின்றிப் படமெடுக்க இயலாது. வெளிநாட்டுப் படக்குழு உள்நாட்டு நிறுவனம் ஒன்றின் வழியாகவே பணிபுரிய வேண்டும். ஜோர்தானில் 2003-இல் அமைந்த அரச திரைப்பட ஆணையம் இப்பணிகளுக்கு உதவுகிறது. இவையன்றி நகராட்சி, காவல்துறை, தொல்லியல் துறை, தேவைப்படின் இராணுவம் எனப் படிகள் பல.

2. சுங்கம்: கேமரா, விளக்கு, ஒலிக்கருவி ஆகியவை தற்காலிகமாக நாட்டினுள் வந்து திரும்பிச் செல்பவை. இதற்கென 1961-ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையின்படி 'ஏ.டி.ஏ. கார்னே' என்னும் ஆவணம் வழக்கில் உள்ளது. பட்டியலில் உள்ள ஒரு வில்லை திரும்பிப் போகாவிடினும் வரி கட்ட நேரும். நடிப்புக்கான துப்பாக்கிகளுக்குத் தனி அனுமதி வேண்டும்.

3. ஆட்கள்: மொழிபெயர்ப்பாளர் முதல் ஒட்டகம் மேய்ப்பவர் வரை அனைவரையும் தேர்ந்து, கூலி பேசி, உரிய நேரத்தில் கொண்டு சேர்க்க வேண்டும். அதிகாலை ஆறு மணிக்கு முந்நூறு துணை நடிகர்கள் வேடத்துடன் நிற்க வேண்டுமாயின், அவர்களுக்கான ஊர்திகள் நள்ளிரவு கடந்ததுமே புறப்பட்டாக வேண்டும்.

4. காலக் கணக்கு: தொழுகை வேளைகள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ, ரமலான் நோன்பு, பெருநாள் விடுமுறை ஆகியவற்றை அறியாது வெளிநாட்டார் வகுக்கும் அட்டவணை நிலைபெறாது. நோன்புக் காலத்தில் பகல் நெடுகிலும் வெயிலில் நிற்குமாறு துணை நடிகரைப் பணித்தல் அறமுமன்று, வேலையும் ஓடாது.

5. கணக்கு: அன்றாடச் செலவுக்குப் பெற்ற பணம், பேட்டா, வாடகை ஆகிய ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு வைத்தல் வேண்டும்.

இசைவு என்பது ஒருமுறை பெற்றால் போதும் என எண்ணுதல் தவறு. பிலிப்பைன்சில் 1976-இல் 'அபோகலிப்ஸ் நவ்' படமெடுக்கத் தொடங்கியபோது அரசு தன் ஹெலிகாப்டர்களை இரவல் கொடுத்தது. உள்நாட்டுப் போராளிகளை எதிர்கொள்ள வேண்டிய போதெல்லாம், படப்பிடிப்பின் நடுவிலேயே அவை திருப்பி அழைக்கப்பட்டன. அதே ஆண்டு மே மாதம் வீசிய புயல் அரங்க அமைப்புகளைத் தகர்த்தது.

'தி மெசேஜ்' உணர்த்தும் பாடம்

நம் வாசகர்களுக்கு மிக நெருக்கமான சான்று ஒன்றை இனிக் காண்போம். அலெப்போவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த முஸ்தபா அக்காத், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தூதுத்துவக் காலத்தைப் படமாக்க முனைந்தார். நபிகளாரின் உருவமோ குரலோ படத்தில் இடம்பெறலாகாது என்னும் வரம்பினை ஏற்றே அவர் கதையை அமைத்தார். நபிகளார் உள்ள காட்சிகளில் கேமராவே அவர் நிற்கும் இடத்தைக் கொள்ளும். எதிரில் உள்ளோர் கேமராவை நோக்கிப் பேசுவர்.

1974-இல் மொராக்கோவில், மராக்கேஷ் நகருக்கு அருகில், மக்கா நகரின் அமைப்பை உருவாக்கிப் படப்பிடிப்புத் தொடங்கியது. ஆங்கிலம், அரபி ஆகிய இரு மொழிகளில் இரு வேறு நடிகர் குழுக்களைக் கொண்டு ஒரே தளத்தில் படமாக்கினர். ஹம்ஸா (ரலி) அவர்களின் வேடத்தை ஆங்கிலத்தில் ஆன்டனி குவின் ஏற்றார். அரபியில் எகிப்திய நடிகர் அப்துல்லாஹ் கைஸ் ஏற்றார். ஒவ்வொரு காட்சிக்கும் இரு மடங்கு உழைப்பு. சில மாதங்கள் கடந்த நிலையில் பிற நாட்டு எதிர்ப்பின் காரணமாக மொராக்கோ அரசு இசைவை விலக்கிக்கொண்டது. குழுவினர் யாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு லிபியாவுக்குச் சென்று படத்தை முடித்தனர். 1976-இல் படம் வெளிவரத் தொடங்கியது. 1977 மார்ச்சில் வாஷிங்டனில் ஆயுதம் தாங்கிய குழு ஒன்று மக்களைப் பிணையாகப் பிடித்து முன்வைத்த கோரிக்கைகளுள் இப்படத்தை நிறுத்த வேண்டும் என்பதும் ஒன்று. உண்மையில் அப்படம் இசுலாத்தை எடுத்துரைக்கும் நோக்கில் உருவானது. அக்காத் 2005-இல் அம்மான் நகர விடுதிக் குண்டுவெடிப்பில் படுகாயமுற்று உயிர்நீத்தார்.

இப்படத்தைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே வேறுபட்ட கருத்துகள் உண்டு. அவ்வாய்வுக்குள் நாம் புகவில்லை. அரசின் இசைவு, அறிஞர்களின் இசைவு, மக்களின் நம்பிக்கை ஆகிய மூன்றும் வெவ்வேறானவை என்பதும், ஒன்றைப் பெற்றவர் மற்றவற்றையும் பெற்றுவிட்டதாகக் கருதலாகாது என்பதும் இதனால் பெறப்படும்.

மூன்று சோதனைகள்

உள்நாட்டுத் தயாரிப்பாளர் இரு தரப்பாரின் நம்பிக்கைக்கும் உரியவர். வெளிநாட்டார் தம் பணத்தை அவரிடம் ஒப்படைக்கின்றனர். ஊரார் தம் மானத்தை ஒப்படைக்கின்றனர். இரண்டும் அமானிதமே. இவ்வமானிதத்தைப் பேணுவதில் அவருக்கு மூன்று சோதனைகள் எதிர்ப்படுகின்றன.

முதலாவது, பணம். அந்நியர் விலை அறியார். நூறு ரூபாய்ப் பொருளுக்கு முந்நூறு எழுதினாலும் கேட்பாரில்லை. ஆயினும் படக்குழுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி பரிமாறிக்கொள்பவை. ஒருவர் செய்த வஞ்சனை அந்நாட்டுக்கே பெயர் கெடுத்து, அடுத்த பத்துப் படங்களை வேறு நாட்டுக்குத் திருப்பிவிடும். பல நாடுகள் இன்று செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தந்து படக்குழுக்களை ஈர்க்கின்றன. மொராக்கோ 2018-இல் இருபது விழுக்காடாகத் தொடங்கியதை 2022-இல் முப்பதாக உயர்த்தியது. இச்சலுகை கணக்குச் சீட்டுகளை நம்பியே வழங்கப்படுவதால், கணக்கில் நேர்மை தவறுதல் தம் நாட்டு மக்களின் வரிப்பணத்தைக் கவர்தலும் ஆகும்.

இரண்டாவது, கூலி. 2001-இல் அலீ எஸ்ஸாஃபி என்னும் மொராக்கோ இயக்குநர் 'வர்சஸாத் மூவி' என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். துணை நடிகர் வேலைக்காகக் காத்துநிற்கும் அவ்வூர் மக்களே அதன் நாயகர்கள். உலகத் திரையில் அரசரும் அடிமையும் படைவீரருமாகத் தோன்றும் அவர்களின் அன்றாட வாழ்க்கை அப்படங்களின் பொலிவுக்கு நேர்மாறாக இருப்பதை அது காட்டுகிறது. வெளிநாட்டுக் குழு கொடுத்த கூலி முழுமையாக உழைத்தவர் கையில் சேர்கிறதா, இடையில் நிற்போர் பையில் தங்கிவிடுகிறதா என்னும் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் உள்நாட்டுத் தயாரிப்பாளரே. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த மார்க்கத்தைச் சார்ந்தோர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டா.

மூன்றாவது, கதை. இதுவே கடினமானது. லெபனானிய வழிவந்த அமெரிக்கப் பேராசிரியர் ஜாக் ஷாஹீன், அரபியரைக் காட்டும் 900-க்கும் மேற்பட்ட திரைப்படங்களை ஆராய்ந்து 2001-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அரபியரைக் கொடியவராகவும் மூடராகவுமே காட்டுகின்றன என்பது அவர்தம் முடிவு. சோமாலியாவில் நடந்த நிகழ்வைச் சொல்லும் 'பிளாக் ஹாக் டவுன்' (2001), மொராக்கோவின் ரபாத், சலே நகரங்களில் எடுக்கப்பட்டது. சோமாலிய மக்களைக் காட்டும் அப்படத்தில் சோமாலிய நடிகர்கள் இல்லை என்னும் குறை எழுந்தது. இத்தகைய கதை தம் மேசைக்கு வரும்போது உள்நாட்டுத் தயாரிப்பாளர் என்ன செய்வது? மறுத்தால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரு பருவத்து வருவாயை இழக்கும். படமோ வேறு நாட்டில் எடுக்கப்பட்டே தீரும். ஏற்றால், தம் மக்களை இழிவுபடுத்தும் படத்திற்குத் தாமே கல் சுமந்தவராவார்.

இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வழியுண்டு. படப்பிடிப்புக்கு முன்னரே கதையை முழுவதும் படித்து, பிழையைப் பிழையென்று எழுத்தில் தெரிவிப்பதே அது. தவறாக ஓதப்படும் பாங்கு, முறையற்ற தொழுகை நிலை, பொருளற்ற அரபி எழுத்துப் பலகை, மரியாதையற்ற ஆடை ஆகியவற்றைத் திருத்துவதற்குச் செலவு ஏதுமில்லை. அறிந்தவர் ஒருவர் வாய்திறத்தலே வேண்டும். 'கிங்டம் ஆஃப் ஹெவன்' படத்தில் சுல்தான் ஸலாஹுத்தீனாகச் சிரியா நாட்டு நடிகர் கஸ்ஸான் மஸ்ஊத் நடித்தார். வெற்றி பெற்று நகருக்குள் நுழையும் சுல்தான், கீழே கிடந்த சிலுவையை எடுத்து நிமிர்த்தி வைக்கும் காட்சி அப்படத்தில் உண்டு. மேற்கத்தியப் பெரும்படம் ஒன்றில் முஸ்லிம் மன்னரைக் கண்ணியத்துடன் காட்ட முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. திருத்த இயலாத அளவுக்கு நஞ்சூறிய கதையாயின், வருவாயை இழந்தேனும் விலகி நிற்பதே மானமுள்ளோர் செயல்.

கற்ற தொழில் சொந்தக் கலையாதல்

பிறர் படத்திற்கு ஊழியம் செய்வதோடு இப்பணி நின்றுவிடுவதில்லை. அறுபதுகளில் வாதி ரம் பாலைவனத்து பதூயின் மக்கள் பிறர் கதையில் குதிரையேறினர். 2014-இல் நாஜி அபூ நவ்வார் என்னும் ஜோர்தானிய இயக்குநர் அம்மக்களிடையே தங்கி, அவர்களையே நடிக்கச் செய்து, 'தீப்' என்னும் அரபிப் படத்தை உருவாக்கினார். முதல் உலகப்போர்க் காலத்தை ஒரு பதூயின் சிறுவனின் கண்வழியே அது காட்டுகிறது. லாரன்ஸின் கதை நிகழ்ந்த அதே காலம், அதே மண். கண் மட்டும் மண்ணின் மைந்தனுடையது. 2016-இல் அது ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஜோர்தானுக்குக் கிடைத்த முதற் பரிந்துரை அதுவே.

தமிழகமும் இவ்வகைக் கூட்டுமுயற்சிக்குப் புதியதன்று. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952-இல் அமெரிக்க நிறுவனத்துடன் இணைந்து 'தி ஜங்கிள்' படத்தைத் தயாரித்தது; தமிழில் அது 'காடு' எனப்பட்டது. 2012-இல் வெளிவந்த 'லைஃப் ஆஃப் பை' படத்தின் தொடக்கப் பகுதி புதுச்சேரியில் எடுக்கப்பட்டது. வெளிநாட்டுக் குழுக்களுக்கு வழிகாட்ட இந்திய அரசு 2015-இல் திரைப்பட உதவி அலுவலகத்தை அமைத்தது. 2023-இல் ஊக்கத்தொகையையும் செலவில் நாற்பது விழுக்காடு வரை உயர்த்தியது. ஆகவே இப்பணிக்கு நம் இளைஞரிடையேயும் இடமுண்டு.

முடிவுரை

இப்பணியை விரும்பும் மாணவர்க்குக் கேமரா மட்டும் போதாது. தாய்மொழியில் தெளிவு, ஆங்கிலத்தில் தயக்கமின்மை, கணக்கியல், ஒப்பந்தச் சட்டம், ஊர் வரலாறு ஆகியவற்றில் பயிற்சி வேண்டும். தம் ஊரின் தெருக்களையும் கடற்கரையையும் பழைய பள்ளிவாசல்களையும் கோயில்களையும் திசைக்குறிப்புடன் படமெடுத்துத் தொகுத்து வைப்பதே நல்ல தொடக்கம்.

திரைத்தொழில் என்றதும் முகம் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உண்டு. அவர்தம் அச்சத்திற்குக் காரணமும் உண்டு. ஆயினும் நம் ஊரை, நம் வழிபாட்டை, நம் மக்களைப் பிறர் படமெடுக்கத்தான் போகின்றனர். அவ்வேளையில் பிழையைச் சுட்டவும், உழைத்தவர்க்குக் கூலி வாங்கித் தரவும், தேவையானால் மறுத்து எழுந்து வரவும் வல்ல ஒருவர் அத்தளத்தில் இருக்க வேண்டுமா, வேண்டாவா என்பதைப் பெரியோர் எண்ணிப் பார்த்தல் நலம். அடுத்த முறை திரையில் பெயர்ப்பட்டியல் ஓடும்போது மாணவர்கள் சிறிது நேரம் அமர்ந்திருந்து, கோட்டுக்குக் கீழுள்ள பெயர்களையும் படித்துவிட்டு எழுவார்களாக.